வரி கட்டுகிறவருக்கு மட்டும் ஓட்டு: சரியா, தவறா?

தேவிபட்டினத்தான் (இழையைத் தொடங்கியவர்):

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் விஷயம். நம் கடற்கரை ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இங்கே இருப்பதால் கேட்கிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

எனக்குச் சென்னையில் வேலை. சம்பளம் கைக்கு வரும் முன்பே வருமான வரியைப் பிடித்துவிடுகிறார்கள். ஊரில் இருக்கும் வீட்டுக்கு வீட்டு வரி, தண்ணீர் வரி நான்தான் கட்டுகிறேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் லீவு போட்டு, பஸ் ஏறி வந்து ஓட்டுப் போடுகிறேன். என் ஓட்டுக்கும், வீட்டுக்கு இவ்வளவு என்று கவர் வாங்கிக்கொண்டு போடும் ஓட்டுக்கும் மதிப்பு ஒன்றுதான். இது எனக்கு உறுத்துகிறது. பொதுப் பணத்தில் தன் பணமும் இருக்கிறது என்று உணர்கிறவன்தான் கணக்குக் கேட்பான். படகு ஜெட்டிக்கு ஒதுக்கிய தொகை என்ன ஆயிற்று, போன வருடம் போட்ட ரோடு ஒரு மழையில் ஏன் பெயர்ந்தது என்று அவன்தான் விடாமல் கேட்பான்.

நம் ஊர்களில் இதற்கு வழக்கமே இருக்கிறது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வாங்கும் தலைக்கட்டு வரியைக் கொடுத்தவன்தான் ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசுவான். கோயில் திருவிழா, படகு பிடிபட்டால் வழக்குச் செலவு, கடற்கரையில் விளக்குப் போடுவது எல்லாம் அந்தப் பணத்தில்தான். பாக்கி வைத்தவன் பேசினால், 'முதலில் வரியைக் கட்டு, அப்புறம் பேசு' என்பார்கள். அதை யாரும் அநியாயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஊருக்குச் சரியானது நாட்டுக்கு ஏன் சரிப்படாது?

ஏழைகளை ஒதுக்கச் சொல்லவில்லை. வருடத்துக்கு நூறு ரூபாய் போதும். வருமான வரியோ, வீட்டு வரியோ, தொழில் வரியோ, அதுவும் இல்லாதவர்கள் அந்த நூறு ரூபாயோ, நேரடியாக ஏதாவது ஒன்றைக் கட்டிய ரசீது இருந்தால் ஓட்டு. 'பிரதிநிதித்துவம் தராமல் எங்களிடம் வரி கேட்காதே' என்று சொல்லித்தான் அமெரிக்கர்கள் பிரிட்டனை எதிர்த்து எழுந்தார்கள். அதன் மறுபக்கமும் நியாயம்தானே?


தங்கச்சிமடம் விசைப்படகு:

தம்பி, நேரடியாகக் கட்டுகிற வரி மட்டும்தான் வரியா?

நான் படகு ஓனர். எங்களுக்கு மானிய டீசல் தருகிறார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். விசைப்படகுக்கு வருடத்துக்கு 18,000 லிட்டர் இருந்ததை 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் 19,000 ஆக்கினார்கள். ஆனால் தள்ளுபடி ஆவது மாநில அரசின் விற்பனை வரி. மத்திய அரசின் கலால் வரி அந்த விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு லிட்டருக்கும் அதைக் கொடுத்துத்தான் கடலுக்குப் போகிறோம். அளவுக்கு மேல் போனால் முழு விலை. வலைக்கு ஜி.எஸ்.டி., ஐஸுக்கு ஜி.எஸ்.டி., இன்ஜின் சாமானுக்கு ஜி.எஸ்.டி.

நான் ஓனர், என்னை விடுங்கள். என் படகில் பங்குக்கு வருகிற பையன்களைப் பாருங்கள். அவர்கள் யாரும் வருமான வரிப் படிவத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொருவன் கையிலும் போன் இருக்கிறது. 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் அதில் 45 ரூபாய் சொச்சம் வரி. 18 சதவீதம். உங்களுக்கும் அவனுக்கும் அதே 18. அவன் நாள் வருமானத்தில் அந்த 45 எவ்வளவு, உங்கள் சம்பளத்தில் எவ்வளவு என்று பாருங்கள். உங்களிடம் பிடிப்பது சம்பளச் சீட்டில் எழுதியிருக்கிறது, அவனிடம் பிடிப்பது எந்தச் சீட்டிலும் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.


சாயல்குடி கடைவீதி:

நான் தேவிபட்டினத்தான் பக்கம். கடை வைத்திருக்கிறேன். மாதாமாதம் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்கிறேன். ஒரு நாள் பிந்தினால் தாமதக் கட்டணம். ஆடிட்டருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். இவ்வளவு கஷ்டப்பட்டு அரசாங்கத்துக்குப் பணம் சேர்த்துக் கொடுக்கிற எங்களை எந்தக் கட்சியும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் எண்ணிக்கையில் நாங்கள் கொஞ்சம் பேர். வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும் ஓட்டு என்று வந்தால் எங்கள் பேச்சுக்கும் மரியாதை வரும்.


தங்கச்சிமடம் விசைப்படகு:

அண்ணே, உங்கள் கஷ்டம் உண்மை. தாமதக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும், கணக்குத் தாக்கலை எளிதாக்க வேண்டும் என்று நீங்கள் போராடினால் நானும் வருகிறேன். ஆனால் நீங்கள் கட்டுகிற ஜி.எஸ்.டி. யார் பணம்? உங்கள் கடையில் வாங்குகிறவர்களிடம் விலையோடு சேர்த்து வசூலித்து அனுப்புகிறீர்கள். கொண்டுபோய்ச் சேர்ப்பவர் நீங்கள், கொடுப்பவர்கள் நாங்கள்.


மிளகாய்க்காடு (முதுகுளத்தூர் பக்கம்):

ஒரு சின்னச் சந்தேகம். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. சட்டத்திலேயே விலக்கு. முண்டு மிளகாய் நூறு ஏக்கர் போட்டவருக்கும் கிடையாது, அவர் காட்டில் பழம் பறிக்கிற பெண்ணுக்கும் கிடையாது. வருமான வரியை வைத்துப் பார்த்தால் எங்கள் தாலுகாவில் யார் யாருக்கு ஓட்டு மிஞ்சும்?


கீழக்கரை ஷார்ஜா:

மிளகாய்க்காடு காக்கா கேட்டது எங்களுக்கும் பொருந்தும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையில் வளைகுடா வேலைக்குப் போகாத வீடு குறைவு. நாங்கள் அங்கே சம்பாதிக்கும் சம்பளத்துக்கு இங்கே வருமான வரி இல்லை. ஆனால் அனுப்பும் பணத்தில்தான் இங்கே வீடு கட்டுகிறார்கள், சிமெண்டுக்கும் கம்பிக்கும் வரி கொடுக்கிறார்கள், பிள்ளைகள் படிக்கிறார்கள்.

2011 முதல் எங்களைப் போன்றவர்களும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஆனால் நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும். டிக்கெட் விலையைப் பார்த்தால் யார் வருவார்? ஆக, இருக்கிற உரிமையே கைக்கு எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. அதையும் வரி ரசீது கேட்டு எடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. 2018 ஜனவரியிலிருந்து அமீரகத்தில் பொருளுக்கு 5 சதவீத வாட் வரி இருக்கிறது. நாங்கள் அதைக் கட்டுகிறோம். அதற்காக அங்கே யாரும் எங்களுக்கு ஓட்டுக் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஏனென்றால் அது எங்கள் நாடு இல்லை. ஓட்டு வருவது ரசீதிலிருந்து இல்லை என்பது வெளிநாட்டில் வேலை செய்கிறவனுக்கு நன்றாகத் தெரியும்.


தொண்டி வழக்கறிஞர்:

தேவிபட்டினத்தான் சொல்லும் முறை புதிது இல்லை. நம் மண்ணில் நடந்து முடிந்தது.

பிரிட்டிஷார் கொண்டுவந்த 1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி 1920-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு முதல் தேர்தல் நடந்தது. நில வரி, நகராட்சி வரி, வருமான வரி என்று குறிப்பிட்ட அளவு கட்டியவர்களுக்குத்தான் ஓட்டு. மாகாணத்தில் நாலு கோடிக்கு மேல் மக்கள். வாக்காளர்கள் சுமார் பன்னிரண்டரை லட்சம். நூற்றுக்கு மூன்று பேர். 1921-இல் பெண்களுக்கும் ஓட்டுக் கொடுத்தார்கள், ஆனால் அதே சொத்து, வரித் தகுதியோடு. எத்தனை பெண்கள் பேரில் பட்டா இருந்திருக்கும்? 1935 சட்டம் தகுதியைத் தளர்த்தியது. அப்படியும் பிரிட்டிஷ் இந்தியாவில் பெரியவர்களில் ஆறில் ஒருவர் அளவுக்குத்தான் ஓட்டு வந்தது. 1937-இல் ராமநாதபுரத்தில் சேதுபதி ராஜாவை முத்துராமலிங்கத் தேவர் தோற்கடித்தாரே, அது அந்தக் குறுகிய பட்டியலுக்குள் நடந்த தேர்தல்தான். காமராஜர் விருதுநகர் நகராட்சித் தேர்தலில் நிற்க வரி கட்டுபவராக இருக்க வேண்டும் என்று வந்தபோது, ஒரு ஆட்டை வாங்கி அவர் பேரில் வரி கட்டி நிற்க வைத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். விருதுநகர் அப்போது நம் மாவட்டம்.

அந்தக் காலத்தில் உப்புக்கும் வரி இருந்தது. உப்பு வாங்கும் ஒவ்வொரு வீடும் அதைக் கொடுத்தது. ஆனால் நூற்றில் தொண்ணூற்றேழு பேருக்கு ஓட்டு இல்லை. 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்ததன் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. வாலிநோக்கத்து உப்பளத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அரசியல் நிர்ணய சபை 326-ஆவது பிரிவை எழுதியது. வயது வந்த குடிமக்கள் எல்லோருக்கும் ஓட்டு. மனநலமின்மை, குற்றம், தேர்தல் முறைகேடு, தொகுதியில் வசிக்காதது ஆகிய காரணங்களுக்காக மட்டும்தான் சட்டம் போட்டு ஒருவரை நீக்கலாம். வரி அந்தப் பட்டியலில் இல்லை. அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் பழமையான வழக்கறிஞர் பரம்பரை, புரட்சிக்காரர் இல்லை. அவரே படிப்பறிவில்லாத கோடிக்கணக்கான மக்கள் மேல் முழு நம்பிக்கை வைத்து இதைச் செய்திருக்கிறோம் என்ற பொருளில் சபையில் பேசினார். முதல் தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்டவர்கள் பட்டியலில் இருந்தார்கள்.


வரலாற்று ஆர்வலன்:

காமராஜர் கதையில் தேவர்தான் ஆடு வாங்கினார் என்பார்கள். இல்லை என்று மறுப்பவர்களும்...


மட்டுறுத்துநர்:

இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யார் வாங்கினார் என்ற பேச்சு எங்கே போய் முடியும் என்று நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். வரித் தகுதி என்று ஒன்று இருந்தது என்பதுதான் இங்கே வேண்டிய செய்தி. தலைப்பை விட்டு விலகும் பதிவுகள் நீக்கப்படும்.


தேவிபட்டினத்தான்:

எல்லோருடைய பதிலையும் படித்தேன். நன்றி. வழக்கறிஞர் அண்ணன் சொன்ன வரலாற்றுக்கும் நான் சொன்னதற்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. வெள்ளைக்காரன் பெரிய தொகையைத் தகுதியாக வைத்தான், அதனால் நூற்றுக்கு மூன்று பேர் ஆனது. நான் சொல்வது நூறு ரூபாய். ஒரு கிலோ மீன் விலைகூட இல்லை. அது யாரையும் தடுக்காது, பொறுப்பை மட்டும் கொடுக்கும். மறைமுக வரி கொடுப்பது உண்மைதான். ஆனால் கொடுப்பதே தெரியாமல் கொடுக்கிறார்கள். தெரிந்து கொடுத்தால்தானே கேள்வி வரும்?


தொண்டி வழக்கறிஞர்:

நூறு ரூபாய்க் கணக்கையும் ஒரு நாடு போட்டுப் பார்த்துவிட்டது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஓட்டுப் போட ஆண்டுக்கு ஒன்றரை டாலர் தலைவரி. சின்னத் தொகைதான். ஆனால் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே கட்டியிருக்க வேண்டும், முந்தைய மூன்று வருடப் பாக்கியும் தீர்ந்திருக்க வேண்டும். கறுப்பின மக்களும் ஏழை வெள்ளையர்களும் லட்சக்கணக்கில் வெளியே நின்றார்கள். தடுத்தது தொகை மட்டும் இல்லை. கெடுவும், ரசீதும், அலுவலகத்துக்கு அலைவதும் சேர்ந்து தடுத்தன. 1964-இல் அரசியல் சட்டத்தின் 24-ஆவது திருத்தம் தேசியத் தேர்தல்களுக்கு இதை ஒழித்தது. மாநிலத் தேர்தல்களுக்கு 1966-இல் உச்ச நீதிமன்றம் ஒழித்தது.

நீங்கள் ஓட்டுக்குப் பணம் வாங்குவதைப் பற்றி வேதனைப்பட்டீர்கள். டெக்ஸாஸில் இதே தலைவரி இருந்தபோது, கட்சி ஆட்களே மொத்தமாக வரியைக் கட்டி ரசீதுகளை வாங்கி, தங்கள் ஆட்களைச் சாவடிக்கு அழைத்துப் போனார்கள். நம் ஊரில் அது நடக்காது என்று சொல்வீர்களா? இப்போது கவர் கொடுக்கிறவர்கள் நாளைக்கு நூறு ரூபாய் ரசீதையும் சேர்த்துக் கொடுப்பார்கள். யாருடைய ரசீதைக் கட்ட வேண்டாம் என்று முடிவு செய்வதும் அவர்கள்தான்.


தங்கச்சிமடம் விசைப்படகு:

கெடு என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2019 தேர்தல் ஏப்ரல் 18. 2024 தேர்தல் ஏப்ரல் 19. இரண்டுமே படகைக் கரையில் ஏற்றிவிட்டு நிற்கும் வாரம். குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் வரும் வரை கடையில் கடன். அந்த நேரத்தில் நூறு ரூபாய்க்கு வரிசையில் நில் என்றால் எத்தனை பேர் நிற்பார்கள்?

1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஒரே இரவில் போனது. வீடு, வலை, படகு எல்லாம் போட்டது போட்டபடி கடலுக்குள் போய்விட்டது. எங்கள் தெருவிலேயே அப்படி வந்து சேர்ந்த குடும்பங்கள் உண்டு. அடுத்த பொதுத்தேர்தல் 1967. அரசாங்கத்திடம் மனை கேட்க, நிவாரணம் கேட்க அவர்களிடம் இருந்தது ஓட்டு ஒன்றுதான். வீட்டு வரி ரசீது கேட்டிருந்தால்? வீடே இல்லையே.


சாயல்குடி கடைவீதி:

சரி, எல்லோருக்கும் ஒரு ஓட்டு இருக்கட்டும். வரி அதிகம் கட்டுகிறவருக்குக் கூடுதலாக ஒன்று கொடுத்தால் என்ன? யாருடைய உரிமையும் போகாதே.


தொண்டி வழக்கறிஞர்:

அதுவும் நடந்திருக்கிறது. பிரஷ்யாவில் 1849 முதல் 1918 வரை வாக்காளர்களை அவர்கள் கட்டும் வரியை வைத்து மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். மொத்த வரியில் முதல் மூன்றில் ஒரு பங்கைக் கட்டும் பெரும் பணக்காரர்கள் ஒரு வகுப்பு. மூன்று வகுப்புக்கும் சம பலம். எஸ்ஸன் நகரில் க்ரூப் என்ற எஃகு ஆலை முதலாளி ஒருவரே முதல் வகுப்பாக இருந்த காலம் உண்டு. நகரசபையில் மூன்றில் ஒரு பங்கை அவர் ஒருவரே தேர்ந்தெடுத்தார்.

இங்கே அப்படி வைத்தால் சாயல்குடிக் கடைக்காரருக்குக் கூடுதல் ஓட்டு வராது, அண்ணே. சென்னையிலும் மும்பையிலும் இருக்கும் பத்துக் குடும்பங்களுக்கு வரும். மூக்கையூர்த் துறைமுகத்தில் என்ன நடக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

இன்னொரு கணக்கு. 2024-இல் வாக்காளர்கள் சுமார் 97 கோடி. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வது எட்டு, ஒன்பது கோடிப் பேர். அதிலும் பாதிக்கு மேல் கட்ட வேண்டிய வரி பூஜ்ஜியம். 2025 பட்ஜெட்டில் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை என்றார்கள். வருமான வரிதான் தகுதி என்றிருந்தால், அந்த ஒரு அறிவிப்பில் நடுத்தரக் குடும்பங்கள் லட்சக்கணக்கில் ஓட்டை இழந்திருக்கும். சலுகை கொடுத்தே ஓட்டை எடுத்துவிடலாம். வரி யாருக்கு என்று தீர்மானிப்பது ஆளும் கட்சி. தன்னை யார் தேர்ந்தெடுக்கலாம் என்பதையும் அதே கையில் கொடுக்கலாமா?


மண்டபம் ஆசிரியை:

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இனி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் அம்மா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவர். அவருடைய தாத்தா இந்த மாவட்டத்திலிருந்துதான் அங்கே போனார், மண்டபம் முகாமில் மருந்தடித்து அனுப்பிய காலத்தில். இலங்கையில் 1931-இலேயே வயது வந்தோர் ஓட்டுரிமை வந்துவிட்டது. நமக்கு இருபது வருடம் முன்பு. மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினருக்கும் அது கிடைத்தது. 1947 தேர்தலில் அவர்கள் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் ஓட்டும் போனது.

அப்போது அந்த நாட்டின் வருமானத்தில் பெரும் பங்கு தேயிலை ஏற்றுமதியிலிருந்து வந்தது. கொழுந்து பறித்த கைகள் யாருடையவை? நாட்டையே தூக்கி நிறுத்தியவர்கள், பேரேட்டில் அவர்கள் பெயர் இல்லை. வரி கட்டியது தோட்டக் கம்பெனி என்றுதான் எழுதியிருக்கும். ஓட்டு இல்லாமல் போனதும் என்ன நடந்தது? அவர்களைக் கேட்காமலே 1964-இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. ஓட்டு இருக்கிற மக்களை அப்படிப் பிரிக்க முடியுமா?

இப்போதும் மண்டபத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கே இருக்கும் பிள்ளைகள் என்னிடம் படித்திருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள், சோப்பு வாங்குகிறார்கள், போன் ரீசார்ஜ் செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் வரி கொடுக்கிறார்கள். பல வருடமாகக் கொடுக்கிறார்கள். தேர்தல் வந்தால் வேட்பாளர்களின் வண்டி முகாம் வாசலைத் தாண்டிப் போய்விடும். வரி கட்டுகிறவருக்கு ஓட்டு என்று உண்மையாகவே நினைக்கிறீர்கள் என்றால், தம்பி, முதலில் இவர்களுக்குக் கேளுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்.


தேவிபட்டினத்தான்:

அக்கா, முகாம் மக்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. நான் பேசுவது குடிமக்களுக்குள். இன்னும் யாரும் தலைக்கட்டு வரியைப் பற்றிப் பேசவில்லை. நம் முன்னோர்கள் நடத்திவரும் முறை, அது எப்படித் தவறாகும்?


பாசி எடுக்கிறவள் (பாம்பன்):

அதற்கு நான் பதில் சொல்கிறேன்.

தலைக்கட்டு என்றால் யார்? கல்யாணம் ஆன ஆண். புருஷன் செத்தால் எங்கள் ஊரில் அரை வரி. அரை வரி என்பது சலுகை என்று நினைக்கிறீர்கள். அரை வரிக்காரி கூட்டத்துக்குப் போக முடியாது. போனாலும் ஓரமாக நிற்கலாம், பேச முடியாது. பிள்ளைக்குக் கல்யாணம் ஆகி அவன் தலைக்கட்டு ஆனால் அவன் பேசுவான். அதுவரை என் வீட்டுக்காக என் கொழுந்தன் பேசுவான். நான் சொன்னதையா பேசுவான்?

நாங்கள் தீவுப் பக்கம் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கிறவர்கள். கண்ணாடி மாட்டி, கையில் துணி சுற்றிக்கொண்டு போவோம். மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்கா என்று 1986-இல் அறிவித்த பிறகு எங்களுக்குத் தொந்தரவு. பாசிக்குப் போகும் நாள்களை ஊர்க்கூட்டத்தில் பேசினார்கள். அந்தக் கூட்டத்தில் பாசி எடுக்கிற பொம்பளை ஒருத்திகூட இல்லை. எங்கள் தொழிலைப் பற்றி, அந்தத் தொழில் செய்யாத ஆண்கள் முடிவு செய்தார்கள். ஏன்? வரி அவர்கள் பேரில் இருந்தது. அந்த வரிப் பணம் எங்கள் பாசிக் காசிலிருந்துதான் போனது, ஆனால் நோட்டில் அவர்கள் பெயர்.

பாக்கி வைத்தவனைப் பேசவிடக் கூடாது என்கிறீர்கள். பாக்கி யார் வைப்பான்? படகு பிடிபட்டவன், ஆஸ்பத்திரிக்குச் செலவழித்தவன். ஊர் அவனுக்கு உதவ வேண்டிய நேரத்தில்தான் அவன் வாய் அடைபடும். கமிட்டியோடு சண்டை போட்டவனிடம் வரியை வாங்காமலே திருப்பி அனுப்பியதும் எங்கள் பக்கத்தில் நடந்திருக்கிறது. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், வாங்க மறுத்தார்கள். வாங்கினால் அவனுக்குப் பேச்சு வந்துவிடுமே.

எம்.எல்.ஏ. தேர்தலில் எனக்கு ஓட்டு உண்டு. என் கொழுந்தனுக்கும் ஒன்று, எனக்கும் ஒன்று. வேட்பாளர் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். ஊரில் இல்லாத மரியாதை அந்த ஒரு நாள் எனக்குக் கிடைக்கிறது. அதையும் ஊர்க்கூட்டம் மாதிரி ஆக்க வேண்டும் என்கிறீர்களா?

டாஸ்மாக்கில் வருடத்துக்கு 45 ஆயிரம் கோடிக்கு மேல் அரசாங்கத்துக்குப் போகிறதாம். அது யார் கட்டிய வரி? குடித்தவன் கட்டியதா, அவன் கொண்டுவராத காசுக்கு ஈடாகப் பாசி எடுத்து உலை வைத்தவள் கட்டியதா?


கீழக்கரை ஷார்ஜா:

அக்கா எழுதியதை என் வீட்டில் படித்துக் காட்டினேன். எங்கள் பக்கம் சில ஜமாஅத்திலும் இதே கதைதான். சந்தா ஆண் பேரில், ஓட்டும் ஆண் பேரில். நான் ஷார்ஜாவில் இருக்கிறேன், சந்தா என் பேரில் போகிறது, பொதுக்குழுவுக்கு என்னால் போக முடியாது. ஊரில் இருந்து குடும்பத்தை நடத்துகிற என் மனைவியால் போக முடியும், ஆனால் உரிமை இல்லை.


தங்கச்சிமடம் விசைப்படகு:

மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் அப்படி இல்லை. ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரு ஓட்டுத்தான். பெண்கள் சங்கத்திலும் அதுதான். கம்பெனியில்தான் பங்குக்கு ஏற்ற ஓட்டு. நாடு கம்பெனியா, சங்கமா என்பதுதான் கேள்வி என்று எனக்குப் படுகிறது.


தேவிபட்டினத்தான்:

பாம்பன் அக்காவுக்கு: நீங்கள் எழுதியதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரிலும் அரை வரி உண்டு. அவர்கள் கூட்டத்தில் பேசுவதில்லை என்பதும் உண்மை.

ஆனால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. கணக்குக் கேட்க ஆள் இல்லை. ஓட்டை வரியோடு கட்ட வேண்டாம் என்றால், வேறு எதை வைத்து மக்களைக் கேட்க வைப்பது? நூறு ரூபாய் கொடுத்தவன் கேட்பான் என்பதை நான் இன்னும் நம்புகிறேன்.


தொண்டி வழக்கறிஞர்:

கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது. கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவைப் படிக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், எழுந்து கேட்கலாம். வரி ரசீது வேண்டாம், தலைக்கட்டாக இருக்க வேண்டாம். தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கேள்வியை எழுதச் சொல்லலாம்.

ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மூன்று வருடம் தலைவரும் இல்லை, உறுப்பினரும் இல்லை, தனி அலுவலர். அப்போது தேர்ந்தெடுத்தவர்களின் காலமும் 2025 ஜனவரியில் முடிந்து மறுபடி தனி அலுவலர் வந்தார். அந்த வருடங்களில் வீட்டு வரி நின்றதா? நீங்களே கட்டியிருப்பீர்கள்.

அதாவது, வரி கட்டாமல் ஓட்டுப் போடுகிறார்கள் என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். உங்கள் தெருவில் நடந்தது நேர் எதிர். வரி கட்டியும் ஓட்டு இல்லை.


தேவிபட்டினத்தான்:

2016-க்கும் 2019-க்கும் இடையில் கட்டிய வீட்டு வரி ரசீதுகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ரோடு பெயர்ந்ததும் அந்தக் காலத்தில்தான். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஒன்றிய அலுவலகத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் அலைந்தேன்.

உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்த அன்றே அடுத்தவர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்க வேண்டுமானால் யாருக்கு எழுத வேண்டும்? தேர்தல் ஆணையத்துக்கா?


தொண்டி வழக்கறிஞர்:

டெல்லியில் இருக்கும் இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு எழுதாதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது சென்னையில் இருக்கும் தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். அரசியல் சட்டத்தின் 243-E பிரிவு, ஐந்து வருடம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்கச் சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ரசீது நகல்களை இணைத்து, நகல் ஒன்றை ஊரக வளர்ச்சித் துறைச் செயலாளருக்கும் போடுங்கள். தனி மனுவை விட கிராம சபைத் தீர்மானமாகப் போனால் எடை அதிகம்.


பாசி எடுக்கிறவள் (பாம்பன்):

தீர்மானம் போடும்போது சொல்லுங்கள். எங்கள் ஊரிலும் அதே தீர்மானத்தைக் கொண்டுவருவோம். நாங்கள் பொம்பளைகள் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறோம்.